கையில 3 லட்சம், ஃபிளாட் 45 லட்சம்: முன்பணம் எப்படிப் புரட்டறது?

2025 ஜூன் 14, சனி, இரவு 10.40 – கேள்வி

கூடுவாஞ்சேரி பக்கம் கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். விலை 45 லட்சம். பிடித்தம் போக மாசம் 62,000 கையில வருது. மனைவி இப்போ வேலைக்குப் போகலை, பொண்ணுக்கு ரெண்டு வயசு. சேமிப்பு மொத்தமே 3 லட்சம்தான். மிச்சத்தை பேங்க் தரும்னு நினைச்சேன், 20% நீங்க போடணும்ங்கிறாங்க. கூட வேலை பார்க்கிறவர், 'பர்சனல் லோன் போட்டு டவுன் பேமென்ட் கட்டு, எல்லாரும் அப்படித்தான்'ங்கிறார். முதல் வீடு வாங்கினவங்க இந்தப் பணத்தை எப்படித்தான் புரட்டினீங்க?

2025 ஜூன் 15, காலை 7.10 – பதில்

பர்சனல் லோன் வேண்டாம் தம்பி. வட்டிக்காக மட்டும் சொல்லலை.

கையில வர்ற சம்பளத்துல பாதி வரைக்கும் இஎம்ஐ தாங்கும்னு பேங்க் கணக்கு வெச்சுக்கோங்க. உங்களுக்கு 31,000. 8.5% வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு 868 ரூபாய் இஎம்ஐ. 31,000-க்கு ஏறக்குறைய 35.7 லட்சம் கடன் கிடைக்கும். இப்போ 5 லட்சம் பர்சனல் லோனை 12% வட்டியில 5 வருஷத்துக்கு எடுக்கிறீங்க, அதுக்கு இஎம்ஐ 11,100 சொச்சம். அந்த 31,000-ல இது போனா வீட்டுக் கடனுக்கு மிச்சம் 19,900. அதுக்குக் கிடைக்கிறது 23 லட்சம். 5 லட்சம் உள்ளே வருது, 12 லட்சத்துக்கு மேல வெளியே போகுது. யாருக்கு எவ்வளவு கடன்னு காட்டற சிபில்ல தெரியாம மறைக்கவும் முடியாது.

அந்த நண்பர் எந்த வருஷம் வாங்கினார்னு கேளுங்க.

2025 ஜூன் 15, மதியம் 2.25

சாப்பிட்டுட்டு மறுபடி உட்கார்ந்தேன். 20%ன்னு சொன்னதை அப்படியே நம்பிடாதீங்க, அது ஆரம்பம்தான்.

45 லட்சத்துல 20% 9 லட்சம். பதிவுச் செலவை பேங்க் வீட்டு விலையோட சேர்க்காது. 2023 டிசம்பர்லேருந்து தமிழ்நாட்டுல புது ஃபிளாட்டோட முதல் விற்பனைக்கு, மனைக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பு. 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4%, பதிவுக் கட்டணம் 2%. அது 2.70 லட்சம். கட்டிக்கிட்டு இருக்கிற கட்டடம்னா ஜிஎஸ்டி 5%, இன்னொரு 2.25 லட்சம். (சென்னையில விலை 45 லட்சத்துக்கு மிகாம, கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்கு உள்ளே புழங்கற இடம், 60 சதுர மீட்டருக்குள்ள இருந்தா 1% போதும். உங்க ஃபிளாட் சரியா விளிம்புல நிக்குது, பில்டர்கிட்ட கார்பெட் ஏரியாவை எழுத்துல வாங்குங்க. கட்டி முடிச்சதுக்குச் சான்றிதழ் வாங்கின கட்டடம்னா ஜிஎஸ்டியே இல்லை.) அப்புறம் வக்கீல் ஒப்பினியன், பிராசஸிங் ஃபீஸ், எம்ஓடி (பத்திரத்தை பேங்க்ல ஒப்படைக்கிறதுக்கான) பதிவு, ஈபி டெபாசிட், கிரில், அலமாரி. எப்படிப் பார்த்தாலும் 14, 15 லட்சம் உங்க கையிலேருந்து போகணும். 3 இருக்கு.

ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு விலை 30 லட்சம் வரைக்கும் 90% கடன் தரலாம். அதனால சின்னதா பாருங்க.

2025 ஜூன் 16, காலை 8.50, மின்சார ரயில்ல

நீங்க எப்படிப் புரட்டினீங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஊரப்பாக்கம் ஏறி கிண்டி இறங்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

2019 ஆவணியில ஒரு பழைய ஃபிளாட், 35 லட்சம். பேங்க் இன்ஜினியர் 33-ன்னு மதிப்பு போட்டார், பேங்க் 28 கொடுத்தது. அப்போ இங்கே பதிவுச் செலவு 11%: முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4. அது 3.85 லட்சம். விலையில குறைஞ்ச 7 லட்சம், சில்லறைச் செலவு அறுபதாயிரம். மொத்தம் பதினொன்றரை லட்சம் வேணும்.

ஆர்டி முடிஞ்சு 2 லட்சம். லீசு வீட்டுப் பணம் 4. என் வீட்டுக்காரர் (கணவர்) பிஎஃப் 1.80. சீட்டு 2. என் நகை ஒன்பது பவுன் அடகுல 1.70. கூட்டிப் பாருங்க, சரியா வரும். வெளியே பார்க்கிறவங்களுக்கு எல்லாம் 'சொந்தப் பணம்'. பேங்க் ஃபைல்லயும் அப்படித்தான் எழுதியிருக்கும். அதுல யார்கிட்டயும் திருப்பித் தர வேண்டாத பணம் 7.80 லட்சம். அதுலயும் ஒரு கதை இருக்கு.

கிண்டி வந்துடுச்சு.

2025 ஜூன் 18, இரவு 9.30

லீசு கதை. தெற்கே ஒத்தின்னு சொல்வாங்க, சில ஊர்ல போக்கியம். மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிறது, காலி பண்றப்போ முழுசா திரும்ப வாங்கிக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மொய், எங்க அப்பா கொடுத்தது எல்லாம் சேர்த்து 2015-ல பம்மல்ல 4 லட்சத்துக்கு ஒரு வீடு எடுத்தோம். அதே தெருவுல வாடகை 8,000. அந்த 8,000-ல பாதியை ஆர்டியில போட்டோம், பாதி எங்கே போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. முதல் வீட்டுக்குப் பணம் சேர்க்க இதைவிட நல்ல உண்டியல் எனக்குத் தெரியலை. உடைச்சு எடுக்க முடியாதே, அதுதான் அதோட அழகு.

உடைக்க வேண்டிய நாள் வந்தப்போதான் தெரிஞ்சுது, உண்டியல் இன்னொருத்தர் வீட்டுல இருக்குன்னு. பத்திரப் பதிவுக்கு நாள் குறிச்சாச்சு, ஹவுஸ் ஓனர் 'அடுத்த பார்ட்டி வரட்டும்மா, வந்ததும் தர்றேன்'ங்கிறார். நம்ம பணத்தை அவர் எப்பவோ செலவு பண்ணியாச்சு, அடுத்தவன் கொண்டுவர்ற லீசுதான் நமக்கு வரணும். முதல்ல இரண்டரை கொடுத்தார். மீதி ஒன்றரைக்கு மூணு மாசம் நடந்தேன். நடுவுல சித்திதான் கை கொடுத்தாங்க. ரொக்கமா தர்றேன்னாங்க, வேண்டாம் அக்கவுண்ட்ல போடுங்கன்னேன். இருபதாயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் வாங்கினா 1961 வருமான வரிச் சட்டம் 269எஸ்எஸ் பிரிவுப்படி, வாங்கின அளவுக்கே அபராதம் வரலாம். கணக்கு எழுதறது என் தொழில், சித்திக்கு அது பெருமையும் எரிச்சலுமா இருந்துச்சு.

லீசுக்குப் போறவங்க மூணு விஷயம் பாருங்க. வீட்டு மேல கடன் இருக்கான்னு வில்லங்கச் சான்றிதழ். ஒரு வருஷத்துக்கு மேலன்னா ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும், இருபது ரூபாய் பத்திரத்துல எழுதிக் கையெழுத்து போட்டா போதாது. மூணாவது ஓனரோட முகம். பக்கத்துத் தெருவுல ஒரு ஓனர் கடன் கட்டலை, கடனுக்கு வீட்டை எடுத்துக்கிற சர்ஃபேசி சட்டத்துல பேங்க் நோட்டீஸ் ஒட்டிடுச்சு. லீசுக்கு இருந்தவங்க அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

2025 ஜூன் 19, காலை 8.45

மேலே சொன்னதுக்கு ஒரு வால். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இதையே தலைகீழா பண்ணார். சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து வாங்கி ஃபிளாட் வாங்கினார். வாங்கின மாசமே அந்த ஃபிளாட்டை 6 லட்சத்துக்கு லீசுக்கு விட்டு, எல்லார் கடனையும் அடைச்சுட்டு, இவர் 7,000 வாடகை வீட்டுல இருந்தார். சொந்த வீட்டுக்குள்ள கால் வைக்க நாலு வருஷம் ஆச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அடமானம் வெச்ச வீட்டை லீசுக்கு விட பேங்க் சம்மதம் வேணும்னு கடன் ஒப்பந்தத்துல இருக்கும், யாரும் படிக்கிறதில்லை. தவிர, அந்த 6 லட்சத்தை ஒரு நாள் திருப்பித் தரணுமில்லையா. இப்போ நான் சொன்ன பம்மல் ஓனர் நிலைமையில இவர் நிக்கிறார்.

2025 ஜூன் 22, ஞாயிறு, காலை 11.00

'வெள்ளை கருப்பு' பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். விக்கிறவர் பாதியைக் கையில கேட்டா பதிவுச் செலவு மிச்சம்தானேன்னு.

எங்களுக்கும் அதே வந்துச்சு. முதல்ல அவர் சொன்ன விலை 34 லட்சம். 28-க்குப் பத்திரம், 6 லட்சம் கையில. வீட்டுக்காரருக்கு ஆசை வந்துடுச்சு, 6 லட்சத்துக்கு 11% போட்டா 66,000 மிச்சமாச்சே. அன்னிக்கு ராத்திரி பால் கணக்கு நோட்டுப் பின்பக்கத்துல போட்டேன்:

28-க்குப் பத்திரம்னா, 90% கொடுத்தாலும் கடன் 25.20. மீதி 8.80, பதிவு 3.08. கையிலேருந்து 11.88 லட்சம்.
34-க்கு முழு வெள்ளைன்னா கடன் 30 வரைக்கும் கேட்கலாம். மீதி 4, பதிவு 3.74. கையிலேருந்து 7.74 லட்சம்.

66,000-ஐ மிச்சம் பிடிக்க 4.14 லட்சம் கூடுதலா புரட்டணும். அதுவும் பேங்க் தராத ரொக்கமா. பணக்காரனுக்கு வேணா கருப்பு லாபம், முன்பணம் இல்லாதவனுக்கு அது ரெண்டாவது முன்பணம். முழுசும் வெள்ளைன்னா ஒரு லட்சம் கூடக் கொடுங்கன்னார். சரின்னு 35-க்கு முடிச்சோம். கடைசியில பேங்க் 30 தரலை, 28தான் கொடுத்ததுங்கிறது வேற. அப்பவும் பரவாயில்லை.

2025 ஜூன் 22, மதியம் 12.40

ஒரு தப்பைத் திருத்தணும், மேலே கணக்கு போடும்போதுதான் உறைச்சுது. 15-ம் தேதி 'வீட்டு விலை 30 லட்சம் வரைக்கும் 90%'னு எழுதினேன். அது வீட்டு விலை இல்லை, கடன் தொகை. கடன் 30 லட்சம் வரைக்கும் 90%, அதுக்கு மேல 75 லட்சம் வரைக்கும் 80%, அதுக்கும் மேல 75%.

இதுல ஒரு மூலை இருக்கு. 35 லட்சம் வீட்டுக்கு 30 லட்சம் கடன் கேட்டா அது 86 சதவீதத்துக்கும் கீழே, விதிக்குள்ளதான். கையிலேருந்து 5. அதே 37.5 லட்சம் வீட்டுக்கு 30, கையிலேருந்து ஏழரை. உங்க 45-க்கு 36, கையிலேருந்து 9. 45-லேருந்து 35-க்கு இறங்கினா விலை பத்து லட்சம் குறையுது, முன்பணம் ஏறக்குறைய பாதியாயிடுது. ஆனா விதி உச்சவரம்புதான் சொல்லுது. பேங்க் அவ்வளவு கொடுத்தே ஆகணும்னு இல்லை, எங்க கதையே சாட்சி.

2025 ஜூன் 25, இரவு 10.15

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் கிடைக்காதான்னு கேட்டவருக்கு: பழைய வட்டி மானியம் முடிஞ்சு போச்சு. 2024-ல வந்த நகர்ப்புற 2.0-ல 8 லட்சம் கடன் வரைக்கும் 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு தவணையா வரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள, வீடு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள. வேற எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைக்கு முந்தினதைப் பாருங்க. கடன் 25-க்குள்ளன்னா 35 லட்சம் வீட்டுக்குக் கையிலேருந்து 10 போடணும். முன்பணம் இல்லாதவன் 30 கடன் வாங்குவான், அவனுக்கு மானியம் இல்லை. தவிர இந்தப் பணம் கடன் கணக்குக்குத்தான் போகும், பதிவு அன்னிக்கு உதவாது. வந்தா லாபம், அதை நம்பித் தேதி குறிக்காதீங்க.

பெண்கள் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணத்துல 1% தள்ளுபடி, 2025 ஏப்ரல்லேருந்து. சொத்து மதிப்பு 10 லட்சம் வரைக்கும்தான். சென்னையைச் சுத்தி 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும், கார் பார்க்கிங்கா?

2025 ஜூலை 20, ஞாயிறு, மாலை 5.30

ஆடி பிறந்தாச்சு. அண்ணன் போன் பண்ணான். பந்தல், கறி, மொய்னு அவன் பேச்சு முழுக்க அதுதான். எங்க ஊர் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவுல. ஆடி ஆவணியில அந்தப் பக்கம் போனா தெருவுக்குத் தெரு மொய் விருந்து ஃபிளெக்ஸ் தொங்கும். வீட்டுக்குப் பணம் புரட்டறதுக்கு 'புது மாதிரி வழி' கேட்கிறீங்களே, எங்க ஊர்ல இது எத்தனையோ வருஷப் பழசு.

தெரியாதவங்களுக்கு: கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை. மொய் வாங்கறதுக்காகவே விருந்து. தனியா செலவு தாங்காதுன்னு பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல வைப்பாங்க. ஆட்டுக்கறி சாப்பாடு போட்டுட்டு ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியா மேசை, நோட்டு, பணம் எண்ண ஆள். இப்போ மெஷின், கம்ப்யூட்டர் பில் எல்லாம் வந்தாச்சு. ஒரு குடும்பம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை வைக்கும். நடுவுல இருக்கிற வருஷமெல்லாம் மத்தவங்க விருந்துக்குப் போய்ச் செய்யணும். உனக்கு ஆயிரம் செஞ்சவனுக்கு ஆயிரத்தோட நிறுத்தினா கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். மேலே ஐந்நூறோ ஆயிரமோ புது நடையா வெச்சாத்தான் உறவு நீளும்.

அண்ணன் 2016 ஆடியில வெச்சான். செலவு போக 9 லட்சம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினது அந்தப் பணத்துல. நவம்பர்ல ஐந்நூறு ஆயிரம் செல்லாதுன்னு அறிவிச்சப்போ பணம் எல்லாம் செங்கல்லாவும் கம்பியாவும் மாறியிருந்துச்சு, அது ஒரு அதிர்ஷ்டம். பேங்க் ஏறலை, வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. 'பார்த்தியா, உன் இஎம்ஐயைவிட எங்க நோட்டு மேல்'னு என்னைக் கிண்டல் பண்ணான். எனக்கும் அப்போ சரின்னுதான் பட்டுச்சு.

2018 நவம்பர் 16, கஜா. விடியறதுக்குள்ள அவனோட 140 தென்னை சாய்ஞ்சு போச்சு. புது வீட்டு மாடியில தண்ணித்தொட்டி மட்டும் பறந்துச்சு, வீடு நின்னுது. தென்னை காய்ச்சுத்தான் அவன் மொய்யைத் திருப்பிச் செய்யறது. அடுத்த ஆடிக்குள்ள நாற்பது அம்பது பத்திரிகை வரும், ஒவ்வொண்ணுலயும் அவன் வாங்கினது மேலே புது நடை. பேங்க்னா புயலுக்கு ஒத்தி வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். மொய் வெச்சவனும் அதே புயல்ல தென்னையை இழந்தவன், அவனும் இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கான், அவன்கிட்ட என்னன்னு மனு கொடுக்கிறது? அண்ணன் டிராக்டரை வித்தான். மூணு பேருக்குச் செய்ய முடியலை, அந்த மூணு வீட்டு வாசல் வழியா அவன் இன்னும் போறதில்லை, சுத்திக்கிட்டு வாய்க்கால் மேட்டுல போறான்.

2025 ஜூலை 20, மாலை 6.15

ஒண்ணு விட்டுப்போச்சு. 2019-ல நான் வீடு வாங்கினப்போ அவனால ஒண்ணும் தர முடியலை. பால் காய்ச்சின அன்னிக்கு வந்தான். 1,001 ரூபாயை என் கையில கொடுத்து, மொய் நோட்டு எங்கேன்னான். நோட்டெல்லாம் இல்லைன்னேன். என் பொண்ணோட கணக்கு நோட்டுல அவனே எழுதிட்டு, 'இது கடன், திருப்பிச் செய்யணும், மறந்துடாதே'ன்னுட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். 2022 ஆவணியில போய் 2,000 செஞ்சேன்.

2025 ஜூலை 21, காலை 8.55

'சென்னையில ஃபிளாட் அசோசியேஷன்ல மொய் விருந்து வைக்கலாமா?' வைக்கலாம். மெயின்டனன்ஸ் பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தருவாங்க.

2025 ஆகஸ்ட் 9, சனி, இரவு 9.00

நகை. மாமியார் நகையைத் தர்றாங்க, விக்கறதா அடகு வெக்கறதான்னு கேள்வி கேட்டவரே மறுபடி வந்திருக்கார்.

அடகுன்னா இந்த 2025-ல மதிப்புல 75% வரைக்கும். 2026 ஏப்ரல்லேருந்து 2.5 லட்சம் வரைக்கும் உள்ள கடனுக்கு 85%, 5 லட்சம் வரைக்கும் 80%னு ரிசர்வ் வங்கி ஜூன்ல அறிவிச்சிருக்கு. நான் 2019-ல வெச்சப்போ பவுன் 30,000-க்குக் கீழே. ஒன்பது பவுனை அன்னிக்கு வித்திருந்தா இப்போ கடை வாசல்ல விலைப் பலகையைப் பார்க்கிறப்போ எல்லாம் வயிறு எரிஞ்சிருக்கும். ஆனா ஒழுங்கா சொல்லணும்னா, மூணு வருஷம் வட்டி கட்டினேன், ரெண்டு தடவை மறு அடகு வெச்சேன். தங்கம் இப்படி ஏறும்னு தெரிஞ்சு பண்ணலை. விக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

விக்கறதா இருந்தா 1961 வருமான வரிச் சட்டத்துல ஒரு பிரிவு தெரிஞ்சுக்கோங்க: 54எஃப். ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த நகையை வித்தா லாபத்துக்கு 12.5% வரி. வித்த மொத்தப் பணத்தையும் ஒரு வீட்டுல போட்டா அந்த வரி இல்லை. வித்ததுக்கு ஒரு வருஷம் முன்னாடியோ ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வாங்கணும், கட்டறதுன்னா மூணு வருஷம். பாட்டி கொடுத்த நகைன்னா பாட்டி வெச்சிருந்த காலமும் சேரும்.

ஆனா நகை யாரோடதோ அவங்க வீட்டுல பணம் போட்டாத்தான் விலக்கு. மாமியார் நகையை மாமியார் வித்து உங்ககிட்ட பணமா கொடுத்தா அது அன்பளிப்பு, நெருங்கின உறவுங்கிறதால உங்களுக்கு வரி இல்லை, அவங்க லாபத்துக்கு உண்டு. நகையையே பொண்ணுக்குக் கொடுத்து, உங்க மனைவி வித்து, பத்திரத்துல மனைவி பேரும் இருந்தா கதை வேற. எந்த வழியானாலும் ஒரு அன்பளிப்புக் கடிதம் எழுதி வெச்சுக்கோங்க.

வரிக்காக மட்டும் இல்லை, பத்திரத்துல அவங்க பேரைப் போடுங்க.

2025 ஆகஸ்ட் 10, காலை 6.30

'உங்க பேர் இருக்கா'ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. இல்லை. கடன் பேப்பர்ல நாற்பது இடத்துல என் கையெழுத்து இருக்கு.

2025 செப்டம்பர் 6, சனி, மாலை 4.00

சீட்டு பத்தி எழுதறேன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். (தள்ளிச் சீட்டு எடுக்கறவளுக்கு அதுதானே வரும்.)

இருபது பேர், மாசம் 12,500, இரண்டரை லட்சம் சீட்டு. 2019 ஜனவரியில ஆரம்பம், எட்டாவது மாசம் 20% தள்ளி (அவ்வளவு விட்டுக்கொடுத்து) எடுத்தேன், 2 லட்சம் கையில. பதிவு பெற்ற சீட்டு. 1982-ம் வருஷச் சட்டப்படி நடத்தறவர் கமிஷன் 5%, 2019 திருத்தத்துல 7 வரைக்கும் ஏத்தினாங்க. பதிவு இல்லாத சீட்டை நான் தொடறதே இல்லை. எங்க அம்மா கட்டின சீட்டை நடத்தினவங்க ஒரு தீபாவளிக்கு மறுநாள் வீட்டைப் பூட்டிட்டுப் போனவங்கதான்.

வீடு வாங்கறவனுக்குச் சீட்டோட வசதி: எடுக்காத வரைக்கும் சேமிப்பு, எடுத்த நிமிஷத்துலேருந்து கடன். பேங்க் அந்தக் கடனைப் பார்க்காது. இதை நான் ரொம்ப நாள் சாமர்த்தியம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சம்பளத்துல பாதிக்கு மேல கடன் தவணை போகக் கூடாதுன்னு பேங்க் ஏன் கணக்குப் பார்க்குதுன்னு 2020 மார்ச்ல புரிஞ்சுது. வீட்டு இஎம்ஐ 24,500, கசர் (தள்ளின பணத்துல நமக்கு வர்ற பங்கு) போகச் சீட்டு பதினொண்ணாயிரம் சொச்சம், நகை வட்டி. ஊரடங்குல வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தவணை ஒத்திவைப்பு கொடுத்துச்சு, வட்டி ஏறினாலும் மூச்சு விட்டோம். சீட்டுக்கு? நடத்தறவர் நல்ல மனுஷன், போன்ல 'பரவாயில்லைம்மா, முடிஞ்சப்போ'ம்பார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. பேங்க்காரன் மிரட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன்.

அப்போதான் வாய்க்கால் மேட்டுல போற அண்ணனை நினைச்சேன்.

2025 செப்டம்பர் 7, காலை 10.20

'அப்பா பேர்ல செங்கல்பட்டுல மனை இருக்கு, அதுல கட்டினா முன்பணம் குறையுமா?'ன்னு கேட்டவருக்கு: இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். மனைக்குப் பணம் போட வேண்டாம், கட்டுமானச் செலவுக்கு மட்டும் கடன், உங்க பங்கு அதுல ஒரு பகுதிதான். அப்பாவை இணைக் கடன்தாரரா சேர்க்கலாம், இல்லேன்னா குடும்பத்துக்குள்ள தானசெட்டில்மென்ட், அதாவது விலை வாங்காம உங்க பேருக்கு எழுதிக் கொடுக்கிறது. முத்திரைத்தாள் 1%, உச்சம் 40,000. பதிவு 1%, உச்சம் 10,000. தம்பி தங்கச்சி இருந்தா முதல்ல அவங்ககிட்ட பேசிடுங்க. அந்தச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது.

2025 அக்டோபர் 15, இரவு 9.45

பிஎஃப் பத்தி எழுதாம விட்டதே நல்லதாப்போச்சு, இல்லேன்னா இன்னிக்குத் திருத்தணும். நாங்க எடுத்தப்போ அஞ்சு வருஷ உறுப்பினரா இருக்கணும், வீட்டுக்கு 36 மாச அடிப்படைச் சம்பளம் வரைக்கும், படிவம் 31. முதல் தடவை திரும்பி வந்துச்சு. வீட்டுக்காரரோட கம்பெனி ஏத்தின பேர்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி. அதைச் சரி பண்ணவே அஞ்சு வாரம். வீடு பார்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதைப் பார்த்துடுங்க.

13-ம் தேதி வாரியக் கூட்டத்துல மாத்தறதா முடிவு பண்ணியிருக்காங்க: பதிமூணு விதியையும் மூணு வகையா சுருக்கி, எல்லாத்துக்கும் 12 மாசச் சேவை போதும்னு. 25% கணக்குல இருந்தே ஆகணும். நடைமுறைக்கு வந்ததான்னு பார்த்துட்டு மனு போடுங்க.

2025 நவம்பர் 2, ஞாயிறு, மாலை 3.30

கேள்வி கேட்ட தம்பி தனியா எழுதியிருந்தார். கூடுவாஞ்சேரி ஃபிளாட்டை விட்டுட்டாராம். பில்டர் 15% கொடுத்தாத்தான் ஒப்பந்தம்னாராம். பில்டர்களுக்கான ரெரா சட்டப்படி பதிவான ஒப்பந்தம் இல்லாம 10%-க்கு மேல வாங்கவே கூடாதுன்னு இவர் சொன்னதும் அந்தப் பக்கத்துலேருந்து போன் எடுக்கறது நின்னு போச்சாம். இப்போ மறைமலைநகர்ல 34 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்துக்கிட்டு இருக்கார், பதிவுச் செலவு 9%. நகையை விக்கலை, பாதியை அடகு வெக்கறதா இருக்காங்களாம். பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும்.

அதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார். 'நம்ம வீட்டுலயும் உன் பேரைச் சேர்க்க எவ்வளவு ஆகும்?'னார். அரைப் பங்கு செட்டில்மென்ட், முத்திரைத்தாள், பதிவு, முதல்ல பேங்க் சம்மதக் கடிதம்னு சொன்னேன். 'உன்கிட்ட கணக்கு முன்னாடியே ரெடியா இருக்கு'ன்னார்.

ஆறு வருஷமா ரெடியா இருக்கு. நாளைக்கு பேங்க்ல கேட்கறேன்.